ஆயுத பூஜைக்குத் துடைத்த மெமரி கார்டு

நேற்று நீங்கள் இருவரும் மேஜை டிராயரைக் கிளறி ஒரு சிவப்பு பென் டிரைவை எடுத்து வந்தீர்கள்.

"அப்பா, இது ஃபுல்லுன்னு காட்டுது. ஆனா உள்ள ஒரே ஒரு ஃபைலுதான் இருக்கு. அதத் தொறந்தா ஒண்ணுமே இல்ல" என்றாள் பெரியவள்.

"வைரஸா இருக்கும். அழிச்சிட்டு நாம பாட்டு ஏத்திக்கலாம்" என்றான் சின்னவன்.

அடுப்படியில் இருந்த உங்கள் அம்மா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்குக் காரணம் உங்களுக்குத் தெரியாது. அது நடந்தபோது நீங்கள் காலாண்டு லீவுக்கு ஆவடி அத்தை வீட்டில் இருந்தீர்கள். வாயால் சொன்னால் அம்மா நடுவில் புகுந்து மாற்றிவிடுவாள். அதனால் எழுதிவிடுகிறேன்.

நம் வீட்டு முன் அறையில் இருக்கும் எம்பிராய்டரி மிஷின் முதலில் பூந்தமல்லி பாய் கடையில் இருந்தது. அம்மா பல வருடம் அந்தக் கடையில் அதே மிஷினில்தான் வேலை செய்தாள். பாய் ஆறு தலை உள்ள பெரிய மிஷின் வாங்கியதும், இந்த ஒரு தலை மிஷினை நம் காட்டுப்பாக்கம் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டோம். தலை என்றால் ஊசியும் நூலும் இறங்கி ஏறும் பாகம். கட்டிலை உள் அறைக்குத் தள்ளித்தான் இதற்கு இடம் விட்டோம். அன்று முதல் நான் பாயில் படுக்கிறேன், அது வேறு கதை.

மிஷின் பக்கத்தில் சின்னத் திரையோடு ஒரு பெட்டி தொங்குகிறது இல்லையா? அதற்குள் இருப்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதில் ஓடுவது பழைய லினக்ஸ், விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை எழுப்பி நடத்தும் புரோகிராம். அந்த லினக்ஸும் அம்மாவின் டிசைன்களும் எல்லாமே தபால்தலை அளவுள்ள ஒரு மெமரி கார்டில் இருக்கின்றன. கார்டு சரியாக இருந்தால் மிஷின் எழும். இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு.

அந்த வருடம் அம்மாவுக்கு முதல் கல்யாண ஆர்டர் வந்தது. முகப்பேரில் டீச்சராக வேலை பார்க்கும் ஒரு பெண். ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் வானகரத்தில் கல்யாணம். முகூர்த்தப் பட்டுக்கான ஜாக்கெட்டின் முதுகில் இரண்டு மயில்கள் கழுத்தோடு கழுத்து பின்னி நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். அம்மா பாய் கடையில் எத்தனையோ மயில்கள் போட்டிருக்கிறாள். அவை எல்லாம் கடை மயில்கள். இதுதான் அவளே டிசைன் செய்த, கல்யாணப் பெண் அவள் பேரைச் சொல்லி வாங்கிக்கொண்டு போகப்போகிற முதல் மயில். எம்பிராய்டரி போட்ட பிறகுதான் ஜாக்கெட்டைத் தைக்க முடியும். டெய்லரோ கல்யாண சீசனில் பிடி கொடுக்காத மனுஷன். விஜயதசமிக்கு மறுநாள் காலையில் துணி கைக்கு வந்தால் தைப்பேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

மயிலோ பெரிய மயில். தோகை முழுக்கக் கண்கள். மிஷினில் ஏற்றப் பார்த்தால் கார்டில் இடம் இல்லை என்றது. சரி, பூஜைக்கு முந்தின நாள் எப்படியும் எல்லாவற்றையும் துடைக்கப் போகிறோம், கார்டையும் சுத்தம் செய்துவிடலாம் என்று கழற்றி, நம் பழைய கம்ப்யூட்டரில் கார்டு ரீடர் வழியாகச் செருகினேன். அதிலும் லினக்ஸ்தான் என்பதால் கார்டில் இருந்தது எல்லாம் அப்படியே தெரிந்தது.

அம்மா கையில் துடைக்கிற துணியோடு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பாய் காலத்து டிசைன்களை ஒவ்வொன்றாக "இது வேணாம், இது வோணும், ஐயே, இத மொதல்ல தூக்குங்க" என்று சொல்லச் சொல்ல அழித்தேன். நிறைய இடம் கிடைத்தது. மயிலையும் ஏற்றிவிட்டேன். அத்தோடு எழுந்திருக்கலாம். ஆனால் அம்மாவின் கண் ஒரு போல்டர் மேல் விழுந்தது. அதன் பெயர் ‘டெவ்’. உள்ளே வரிசை வரிசையாக ஃபைல்கள்.

"இன்னாங்க இது, ஒண்ணுத்துக்கும் சைஸே போடல?"

"எல்லாம் காலி ஃபைலு போல இருக்கு."

"காலின்னா எதுக்கு வெச்சிகினு கீறோம்? நாளைக்கு பூஜ. தொடைங்க."

"இத அழிச்சா இடம் கெடைக்காதும்மா. சைஸே இல்லாதது."

"இடத்துக்கா சொல்றேன்? சுத்தத்துக்குச் சொல்றேன். மேல பார்த்தா பளபளன்னு கீது, உள்ள காலி டப்பாவா அடுக்கி வெச்சிகினு கீறீங்க."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அம்பத்தூரில் நான் வேலை செய்யும் பட்டறையில் ஆயுத பூஜை என்றால், வருடம் முழுக்க யாரும் தொடாத உடைந்த டிரில்லிங் மிஷினைக்கூட மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பொட்டு வைப்போம். அந்தப் பழக்கம் கையில் ஊறிப் போனது. கண்ணுக்குத் தெரிகிற குப்பையை விட்டுவிட்டுப் பூஜை போட மனம் வரவில்லை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். போல்டர் பளிச்சென்று இருந்தது. அம்மா கார்டின் மேல்புறத்தையும் ஒரு துடை துடைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, காலடியில் எலுமிச்சம்பழம், பொரி, சுண்டல். பூஜை அன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பதால் சுவிட்சு போடவே இல்லை. கெட்டுப் போனது தெரியாமலே கற்பூரம் காட்டினோம்.

விஜயதசமி காலையில் குளித்து, புதுப் புடவை கட்டி, அம்மா சுவிட்சைப் போட்டாள். திரையில் எப்போதும் வரும் ரோஜாப்பூ வரவில்லை. கறுப்பாகவே இருந்தது. வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடின. பிறகு நின்றன. கடைசி வரியில், முதல் கன்சோலைத் திறக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை. அதற்கு மேல் ஓர் அசைவும் இல்லை.

அணைத்துப் போட்டோம். மறுபடியும் அதே வரி.

"சந்தனம் உள்ள பூந்துட்ச்சா?" என்றாள் அம்மா.

நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன். பெட்டியைத் திறந்து பார்த்தால் சுத்தமாக இருந்தது. வயர்களைக் கழற்றி மாட்டினேன். கார்டின் பித்தளைப் பற்களைச் சின்னவனின் அழிரப்பரால் தேய்த்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா கையில் எலுமிச்சம்பழம்.

"இத எடுத்துட்டேன். இப்ப போட்டுப் பாருங்க."

போட்டேன். எலுமிச்சம்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது உறுதியானது.

அந்த நேரம் பார்த்துக் கல்யாணப் பெண் போன் செய்தாள். "அக்கா, நல்ல நாளாச்சே, மயில் ஆரம்பிச்சாச்சா?"

அம்மா மிஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வேல நடந்துகினே கீதும்மா" என்றாள். பொய் இல்லை. நான் ஸ்குரூ டிரைவரோடு வியர்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்து பாய்க்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

"இன்னா நைனா, பூஜ போட்டு மிஷின தூங்க வெச்சிட்டியா? என் மிஷினுக்கும்தான் கடப் பசங்க பொட்டு வெச்சானுங்க, அது ஜம்முனு ஓடிகினு கீது. தங்கச்சி, கவலப்படாத. துணியக் குட்த்தனுப்பு, நான் போட்டுக் குட்த்துட்றேன்."

அவர் மனசு நல்ல மனசு. ஆனால் அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. துணியை மடியில் வைத்து ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

"சாயங்காலம் வெளக்கு வெக்கிற வரைக்கும் பாக்கலாம் பாய். அதுக்கு மேல ஆகலன்னா உங்க கிட்டயே குட்த்துட்றேன்" என்றாள். என் பக்கம் திரும்பி, மெதுவாக, "இது கட மயிலா போவக் கூடாதுங்க" என்றாள். அதன் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சுண்டல் மட்டும் கொஞ்சம் சாப்பிட்டேன்.

மத்தியானம் பாய் தன் மிஷினை நிறுத்திவிட்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சட்டைப் பையில், கைக்குட்டையில் சுற்றி, தன் மிஷினின் கார்டைக் கொண்டு வந்திருந்தார். இரண்டு மிஷினும் ஒரே கம்பெனி, கார்டும் ஒரே மாதிரி. அவர் கார்டை நம் மிஷினில் போட்டதும் ரோஜாப்பூ வந்துவிட்டது! அம்மா கை தட்டினாள். ஆனால் உடனே மிஷின் கீச் கீச் என்று கத்தியது. இரண்டாம் தலையைக் காணோம் என்றது. மூன்றாம் தலையைக் காணோம் என்றது. அப்படியே ஒவ்வொரு தலையாகக் கேட்டுக்கொண்டே போனது.

"பாய், உங்க கார்டு ஆறுமுகத்தத் தேடுது" என்றாள் அம்மா. "நம்பளது புள்ளையாரு. ஒரு தலதான்."

"அட, நம்ம கார்டுல முருகன் குந்திகினு கீறாரா? இத்தினி நாளு தெர்லயே!" என்று பாய் தொடையில் தட்டிச் சிரித்தார்.

சிரித்தாலும் ஒன்று தெளிவாகிவிட்டது. மிஷின் நன்றாக இருக்கிறது, கோளாறு நம் கார்டில். கம்ப்யூட்டரில் பாய் கார்டைப் போட்டு ஒவ்வொரு போல்டராகப் பார்த்தேன். பிறகு நம் கார்டைப் போட்டு அதையே பார்த்தேன். வித்தியாசம் ஒரே இடத்தில்தான் இருந்தது. அவருடைய டெவ் போல்டரில் கூட்டம் கூட்டமாக ஃபைல்கள். நம்முடையது பெருக்கித் துடைத்த கூடம்.

"அதான் நீங்க தொடச்சது" என்றாள் அம்மா.

"தொடைக்கச் சொன்னது யாரு?"

"நான் சொல்லுவேன். ஐ.டி.ஐ. படிச்சவரு நீங்க, நான் சொன்னா தொடச்சிடுவீங்களா?"

"சண்டய வெளக்கு வெச்சப்பறம் போட்டுக்கலாம். இப்ப அந்தக் காலி டப்பாவ எங்க கார்டுலேர்ந்து எட்த்து உங்க கார்டுல போடுப்பா" என்றார் பாய்.

எனக்கும் அது சுலபமாகத் தெரிந்தது. கார்டு ரீடர் ஒன்றுதான் இருந்ததால், பாய் கார்டிலிருந்து பென் டிரைவுக்கு எடுத்து, பிறகு நம் கார்டுக்கு மாற்றலாம் என்று நினைத்தேன். ஆமாம், அதே சிவப்பு பென் டிரைவ்தான். மவுஸால் இழுத்துப் போட்டால், இவை விசேஷ ஃபைல்கள், காப்பி செய்ய முடியாது என்றது. விசேஷமாவது! எழுத்தால் கட்டளை கொடுத்தால் கேட்கும் என்று, பட்டியலின் அடியில் கடைசியாக இருந்த ஒரு ஃபைலை முதலில் காப்பி செய்யச் சொன்னேன். அதன் பெயர் ‘ஜீரோ’.

பென் டிரைவின் விளக்கு மினுக் மினுக் என்றது. மினுக்கிக்கொண்டே இருந்தது. அம்மா டீ போட்டு வந்தாள். குடித்தோம். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

"சின்ன ஃபைலுன்னு சொன்ன?" என்றார் பாய்.

"சைஸே இல்லாதது பாய்."

"சைஸே இல்லாததுக்கு இவ்ளோ நேரமா?"

கடைசியில் பென் டிரைவில் இடம் தீர்ந்துவிட்டது என்று வந்து நின்றது.

"ஒண்ணுமே இல்லாதத காப்பி அட்ச்சி, பென் டிரைவு ரொம்பிட்ச்சா?" என்று பாய் கேட்டார் பாருங்கள், அம்மாவுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. நாளெல்லாம் இருந்த கவலை போய் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்து முடித்தபிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. காலியான ஒன்று எப்படி இவ்வளவையும் நிரப்பும்? அப்படியானால் அது காலி இல்லை. போனில் தேடி, கஷ்டப்பட்டு ஆங்கிலத்தைக் கூட்டிப் படித்தேன். எனக்குப் புரிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முகப்பேரில் உங்கள் சித்தப்பா பிளாட்டுக்குப் போனால், கீழே கேட் பக்கத்தில் காலிங் பெல் பலகை இருக்குமே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டன். பட்டனுக்குள் வீடு இல்லை, ஆளும் இல்லை. பிரித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆனால் அழுத்தினால் மூன்றாம் மாடியில் சித்தி எட்டிப் பார்ப்பாள். டெவ் போல்டரில் இருந்தவை அந்தப் பட்டன்கள். திரைக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என்று, உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாமானையும் கூப்பிட ஒரு பட்டன். ‘கன்சோல்’ என்பது, மிஷின் எழுந்தவுடன் பேச்சைத் தொடங்க முதலில் தேடும் பட்டன். அது இல்லாததால் வாயைத் திறக்க முடியாமல் நின்றுவிட்டது. ‘நல்’ என்று ஒன்று, எதைக் கொட்டினாலும் விழுங்கிவிடும் குப்பைத்தொட்டி. ‘ஜீரோ’ என்பது எவ்வளவு பிடித்தாலும் பூஜ்யமாகவே கொட்டும் வற்றாத குழாய். நான் அந்தக் குழாயின் கீழே பென் டிரைவை வைத்துவிட்டு டீ குடித்திருக்கிறேன்.

இப்போது வரும் கம்ப்யூட்டர்கள் எழும்போதே இந்தப் பட்டன்களைத் தாமே செய்துகொள்ளும். நம் மிஷினில் இருப்பது பழைய லினக்ஸ், அதற்கு அந்த வித்தை தெரியாது. யாரோ கார்டில் முன்பே செய்து வைத்ததுதான்.

பட்டனைத் தூக்கிக்கொண்டு போய் வேறு சுவரில் ஒட்டினால் மணி அடிக்குமா? அதனால்தான் காப்பி ஆகவில்லை. புதிதாகத்தான் செய்ய வேண்டும். அதற்கு ‘எம் கே நாட்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண் கொடுக்க வேண்டும். ஹவுசிங் போர்டு விலாசம் மாதிரி, முதல் எண் எந்த பிளாக், இரண்டாவது எண் எந்த வீடு. சைஸ் போட வேண்டிய இடத்தில் அந்த இரண்டு எண்களைத்தான் கம்ப்யூட்டர் காட்டும். கட்டளை கொடுத்துப் பட்டியல் எடுத்தால்தான் அவை தெரியும். பூஜைக்கு முந்தின நாள் நான் மவுஸால் திறந்து பார்த்த ஜன்னலில் அவை இல்லை.

பாய் கார்டின் பட்டியலை வரவழைத்து, அதை அவர் போனிலேயே போட்டோ எடுத்துக்கொண்டோம். பிறகு நம் கார்டைச் செருகினேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்டக்டர் மாதிரி கூவ ஆரம்பித்தார்.

"கன்சோலு! அஞ்சாம் பிளாக்கு, ஒண்ணாம் நம்பரு ஊடு!"

தட்டினேன்.

"நல்லு! ஒண்ணாம் பிளாக்கு, மூணாம் நம்பரு!"

தட்டினேன். இப்படியே ஜீரோ வரை போனோம். அம்மா வாசலைப் பார்த்தாள். எதிர்ச்சுவரில் வெயில் மேலே ஏறி மஞ்சளாகியிருந்தது. பூக்காரம்மா தெருமுனையில் கூவுவது கேட்டது.

கார்டை மிஷினில் போட்டு, அம்மாவையே சுவிட்சைப் போடச் சொன்னேன். வெள்ளை எழுத்துகள் ஓடின. நிற்கவில்லை! ரோஜாப்பூ வந்தது. மயிலும் திரையில் வந்து நின்றது. அம்மா துணியை ஃபிரேமில் மாட்டி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினாள்.

ஊசி அசையவில்லை. அதை ஓட்டும் மோட்டார் போர்டு பதில் சொல்லவில்லை என்று திரையில் வந்தது.

அம்மா மெதுவாக ஃபிரேமிலிருந்து துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். "பரவால்ல பாய். மயிலு நல்லா வந்தா சரி, எங்க வந்தா இன்னா" என்றாள்.

பாய் துணியை வாங்கக் கை நீட்டவில்லை. "இரு தங்கச்சி" என்று போனை எடுத்து, போட்டோவை விரலால் பெரிதாக்கினார். "நைனா, இங்க ஒரே மாரி பேரா வரிசயா கீது. எல்லாம் ஒண்ணுதானேன்னு நான் படிக்காம உட்டுட்டேன். அதுல இன்னா போர்டு கீர்டுன்னு எதுனா கீதா பாரு."

வாங்கிப் பார்த்தேன். மோட்டார் போர்டின் வயர் பெட்டியில் சேரும் ஓட்டையின் மேலேயே அச்சடித்திருந்த பெயர், அந்த வரிசையில் முதலில் இருந்தது. பக்கத்தில் நான்கு, அறுபத்து நான்கு.

கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகி, போனை அவரிடமே கொடுத்தேன். "படிங்க பாய்!"

"நாலாம் பிளாக்கு, அறுவத்தி நாலாம் நம்பரு! அடேங்கப்பா, பெரிய பிளாக்கா கீதே!"

செய்தேன். கார்டை மிஷினில் செருகினேன். இந்த முறை ஸ்டார்ட்டை அழுத்தியதும் டக் என்று ஒரு சத்தம், பிறகு தடதடவென்று ஊசி இறங்க ஆரம்பித்தது. அம்மா உடனே நிறுத்தினாள்.

"இன்னாச்சு?"

"விஜயதசமிங்க. மொதல்ல புள்ளையார் சுழி" என்று ஒரு கழிவுத் துணியை மாட்டி, அதில் சிவப்பு நூலால் ஒரு சுழி போட்டாள். பிறகுதான் பட்டுத் துணி. முதல் மயிலின் கழுத்து நீலத்தில் வளைந்து வந்தபோது எழுந்து போய் விளக்கு ஏற்றினாள். அவள் சொன்ன நேரத்துக்குள்தான்.

பாய் கார்டை மறுபடி கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். "நான் வர்றேன். என் ஆறுமுகம் அங்க சும்மா குந்திகினு கீது" என்று ஸ்கூட்டரை உதைத்தவர், திரும்பி, "தங்கச்சி, அட்த்த வர்சம் மேலாக்க மட்டும் தொடைம்மா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டுப் போனார். அம்மா பொரிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள், கொடுக்க மறந்துவிட்டாளாம்.

துணி மறுநாள் காலை டெய்லர் கடை திறக்கும் முன்பே அங்கே இருந்தது.

அந்தக் கல்யாணத்துக்கு நீங்களும் வந்தீர்கள். ஐஸ்கிரீம் மட்டும்தான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அம்மா ஏன் மேடைக்குப் பின்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தாள் என்று கவனித்திருக்க மாட்டீர்கள். பெண்ணுக்கு இடுப்பு வரை பூ வைத்துச் சடை பின்னிவிட்டார்கள். இரண்டு மயிலும் மல்லிகைக்கு அடியில்! ஒரு தோகைக் கண்கூட வெளியே தெரியவில்லை. அம்மா என்னிடம் வந்து, "இதுக்கா அன்னைக்கு அந்தப் பாடு பட்டோம்?" என்றாள்.

நாங்கள் பரிசு கொடுக்க மேடை ஏறியதும் அந்தப் பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு போட்டோகிராபரிடம், "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பூச்சடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "இப்ப எடுங்க. அக்காவையும் சேர்த்து எடுங்க." அவள் ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. இரண்டு மயில்கள், பக்கத்தில் வாயெல்லாம் பல்லாக உங்கள் அம்மா.

அந்த பென் டிரைவை நான்தான் அழிக்காமல் வைத்திருந்தேன். எப்போதாவது பார்த்தால் சிரிப்பு வரும். நீங்கள் தாராளமாக அழித்துவிட்டுப் பாட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். அதில் இருப்பது முழுக்கப் பூஜ்யம்தான், வேண்டுமானால் எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். மிஷின் கார்டுப் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதை இப்போது அம்மா என்னையே தொட விடுவதில்லை.